விசாரிக்கப்படாதவர்

துன்பம் நேர்ந்த நாளில் தூரத்து உறவினர் யார் யார் கூப்பிட்டுக் கேட்கவில்லை என்பதை, அத்துன்பத்தைக் காட்டிலும் நெடுங்காலம் நினைவில் வைத்திருப்பவரே இங்கு விசாரிக்கப்படாதவர் எனப்படுகிறார். விசாரிப்பு என்பது தமிழ்ச் சமூகத்தில், விடை முன்னமே தெரிந்திருந்தாலும் கேட்டாக வேண்டிய கேள்விகளின் தொகுதியாகும், இறப்பு நேர்ந்த வீட்டில் நாற்பதாவதாக வருபவரும் "எப்படி ஆச்சு?" என்று கேட்க, வீட்டுக்காரரும் நாற்பதாவது முறையாக முதலிலிருந்து தொடங்கிச் சொல்ல, அதற்குத் துக்கம் விசாரித்தல் என்று பெயர். செய்தி சொல்வதற்காக அல்லாமல் உறவைப் பேணுவதற்காகவே மனிதர் பேசும் பேச்சும் உண்டு என்று போலந்தில் பிறந்த மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-இல் எழுதினார், "சாப்பிட்டாச்சா?" என்று தெருவெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்த தமிழருக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்க வழியில்லை.

காதலர்க்கிடையே எழும் பிணக்கை ஊடல் என்று பெயரிட்டு, மருதத் திணைக்கு உரிப்பொருளாக வகுத்து, திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களையும் அதற்கே ஒதுக்கிய மரபு, பெரியப்பா மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் இடையே எழும் பிணக்கைத் திணையின்றி விட்டுவிட்டது வியப்புக்குரியது. ஊடல் விடிவதற்குள் தீர்ந்துவிடக்கூடியது. பங்காளிப் பிணக்கோ (பங்காளி என்பவர் தந்தைவழிச் சொத்தில் பங்குக்கு உரியவர்) பட்டாவோடு சேர்ந்து அடுத்த தலைமுறையின் பெயருக்கு மாறக்கூடியது.

இவ்வகையினர் தமிழகம் எங்கும் உள்ளனர் எனினும், காஞ்சிபுரத்தில் அவர்களுக்குப் புராணச் சான்றும் இருக்கிறது. பிரமன் காஞ்சியில் வேள்வி செய்தபோது தன்னை விட்டுவிட்டுச் சாவித்திரியை அருகில் அமர்த்திக்கொண்டான் என்று சினந்த சரசுவதி, வேகவதி என்னும் ஆறாகப் பெருகி வேள்விச்சாலையை அடித்துக்கொண்டு போக வந்தாள் என்றும், திருமால் அதன் குறுக்கே அணையாகப் படுத்துத் தடுத்தார் என்றும், அவர் படுத்த இடமே திருவெஃகா என்றும் தலபுராணம் (கோயில் தன் தோற்றத்தைப் பற்றித் தானே கூறிக்கொள்ளும் வரலாறு) சொல்லும். வரதராசப் பெருமாள் அந்த வேள்வித் தீயிலிருந்தே தோன்றினார் என்பதால், நகரின் பெருங்கோயிலும் நகரை அவ்வப்போது நனைக்கும் ஆறும் ஒரே குடும்பத் தகராற்றோடு தொடர்புடையவை ஆகின்றன. பிணக்கை முதலில் தொடங்கியவர் யார் என்ற கேள்வியும் அப்புராணத்தில் உண்டு. விசாரிக்கப்படாதவர் கதை சொல்லும்போது அந்தப் பகுதியை மட்டும் விரைவாகக் கடந்துவிடுவார்.

திருவெஃகாவுக்கு இன்னொரு கதையும் உண்டு. பல்லவ மன்னன் கணிகண்ணனை நாடு கடத்தியபோது, அவனுடைய ஆசிரியரான திருமழிசையாழ்வாரும் உடன் புறப்பட, ஆழ்வார் சொன்னபடியே பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்து, மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிருக்கை எனப்பட்டு இன்று ஓரிக்கை என வழங்குகிறது. மன்னன் சென்று வேண்டிக்கொள்ள அனைவரும் திரும்பினர். ஓரிக்கை நகரை அடுத்தே இருக்கிறது. கோபித்துக்கொண்டு புறப்படும் காஞ்சிக்காரர், திரும்பி வரச்சொல்லி அழைத்தால் காதில் விழும் தொலைவுக்கு மேல் போவதில்லை என்பதற்கு இதனினும் பழைய சான்று தேவையில்லை.

அண்மைக் காலத்து விசாரிக்கப்படாதவர்களுள் பெரும்பாலோர் 2015-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் உருவானவர்கள். அவ்வாண்டு டிசம்பர் 2 காலை முடிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது; தாம்பரம் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர். ஆயினும் உலகத் தொலைக்காட்சிகளில் ஓடியதெல்லாம் சென்னை வெள்ளம் என்ற பெயரே. மனத்தாங்கலுக்கு வித்து விழுந்தது இங்கேதான். "மெட்ராஸ்ல இருக்கிற மச்சினிச்சிக்கு மூணு தடவை போன் போட்டிருக்கான். நாம என்ன, மலை மேலயா குடியிருக்கோம்?"

நெசவாளர் வீட்டில் மழையின் கணக்கே வேறு. குழித்தறியில் நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். மண்ணில் ஈரம் ஏறினால், தெருவில் தண்ணீர் நிற்காவிட்டாலும் குழியில் ஊறும். தறியில் ஏற்றிய பாவு (சேலையின் நீளவாட்டில் ஓடும் இழைகள்) ஈரம் குடித்தால் பட்டு தளர்ந்து சரிகை மங்கும். உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில், மூன்று நாடாக்களை ஓட்டி இணைத்து நெய்யும் கோர்வைச் சேலையானால், இருவர் உழைப்பும் பல நாள் கூலியும் அந்த ஈரத்தில் நிற்கும். வேகவதிக்கு அருகில் குடியிருக்கும் விசாரிக்கப்படாதவரின் வீட்டில் குழி நிறைந்து, கூடத்திலும் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியபோது, அவர் கைப்பேசியைப் பாலித்தீன் பையில் சுற்றித் தறியின் மேல்கட்டையில் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் வாளியால் இறைத்துக்கொண்டே, ஒவ்வொரு வாளிக்கும் ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் தம் தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து பாவைத் தூக்கிக் கட்டினார். அவர் மனைவி இரண்டு வேளைச் சோறு கொடுத்தனுப்பினார். இவை எவையும் கணக்கில் ஏறவில்லை. "அவன் எதிர்ல இருக்கான், செய்யாம என்ன பண்ணுவான்?" என்பது இவ்வகையினரின் அடிப்படைக் கோட்பாடு. பக்கத்தில் இருப்பவர் செய்த உதவி இயற்கை நிகழ்வாகவும், தொலைவில் இருப்பவர் கேட்காமல் விட்டது திட்டமிட்ட செயலாகவும் கொள்ளப்படும்.

கணக்கு என்றது வெறும் பேச்சுக்காக அன்று. கலியாண வீடுகளில் யார் எவ்வளவு பணம் வைத்தார் என்று பெயர் எழுதி வைத்து, திருப்பிச் செய்யும்போது புரட்டிப் பார்க்கும் மொய் நோட்டைப் போல, விசாரிப்புக்கும் இவர் மனத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. மழை பெய்துகொண்டிருக்கும்போதே கூப்பிட்டவருக்கு முழு வரவு. தண்ணீர் வடிந்த பின் கூப்பிட்டவருக்கு அரை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "அனைவரும் பத்திரமாக இருக்கவும்" என்று எழுதிக் கும்பிடும் கை ஒன்றைப் போட்டவருக்குக் கால். வேறு காரியமாகக் கூப்பிட்டு, அதாவது ஒரு முகூர்த்தப் புடவைக்கு விலை கேட்டுவிட்டு, போனை வைக்கும் நேரத்தில் "ஆமா, அங்க ஏதோ மழையாமே?" என்றவரின் விசாரிப்பு வரவில் சேராது, அது பற்றில் எழுதப்படும்.

தொலைபேசி இணைப்புக் கிடைக்கவில்லை என்ற சமாதானம் இவரிடம் செல்லாது. அந்நாள்களில் தனியார் கைப்பேசிச் சேவைகள் பல இடங்களில் முடங்கியது உண்மையே எனினும், "பி.எஸ்.என்.எல். ஓடிச்சே, லேண்ட்லைன் நம்பரைப் பொண்ணு கல்யாணப் பத்திரிகையிலயே போட்டிருந்தோமே" என்று பத்திரிகையைப் பீரோவிலிருந்து எடுத்து வருவார். பேரிடரில் சிக்கியவர் தாமே நலத்தைத் தெரிவிப்பதற்கு உலகில் பல ஏற்பாடுகள் உள்ளன: ஜப்பானில் 1998 முதல் 171 என்ற எண்ணை அழுத்தி உறவினர்க்குக் குரல் செய்தி பதிந்து வைக்கலாம், சென்னை வெள்ளத்தின்போது பேஸ்புக் நிறுவனமும் பாதுகாப்பாக இருப்பதை ஒரு பொத்தானை அழுத்தித் தெரிவிக்கும் வசதியைத் திறந்துவிட்டது. இவற்றை உருவாக்கிய பொறியாளர்கள், பாதிக்கப்பட்டவர் தம் நிலையைச் சொல்ல விரும்புவார் என்ற தவறான அனுமானத்தில் தொடங்கியவர்கள். காஞ்சியில் இந்த யோசனையை அப்போதே முன்வைத்தவர் விசாரிக்கப்படாதவரின் மனைவி. "ஏங்க, நாமளே ஒரு போன் போட்டு, நல்லா இருக்கோம்னு சொல்லிட்டா என்ன?" அதற்கு அவர் சொன்ன விடையில் இவ்வியல் முழுவதும் அடங்கும்: "சொல்லிட்டா, அவன் கேக்கலைங்கிறது தெரியாமப் போயிடுமே."

நேர்மையாகச் சொன்னால், இம்மனத்தாங்கலை முழுக்கவும் சிரித்துத் தள்ளிவிட முடியாது. அரசு அவ்வெள்ளத்தில் குடிசை இழந்தோருக்கு 10,000 ரூபாயும் நீர் புகுந்த பிற வீடுகளுக்கு 5,000 ரூபாயும் அறிவித்தது. நனைந்த பாவுக்குள் போன நாள்களை எந்தப் படிவத்திலும் எழுத முடியவில்லை. கணக்கெடுக்க வந்த அலுவலர் குடையை மடக்கிக்கொண்டு, "தண்ணி எவ்வளவு உயரம் ஏறிச்சு?" என்று கேட்டபோது, அது அவருடைய படிவத்தின் கேள்வியே என்றாலும், வீட்டுக்காரருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "அந்த ஆளு யாரோ எவரோ, அவரு கேட்டாரு" என்று இன்றும் சொல்வார். தறி வீட்டுக்குள்ளேயே இருப்பதால் தொழிலுக்கு வந்த கேடு வீட்டுக்கு வெளியே தெரிவதில்லை. வெளியே தெரியாத கேட்டை ஒருவர் கேட்டாலன்றிச் சொல்ல வாய்ப்பும் இல்லை.

இனி, இவர் பிறரை விசாரிக்கும் முறை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து, டெல்டாவின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தபோது, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை மகளுக்கு இவர் போன் செய்யவில்லை. கேட்டால், "அவங்களே ஆயிரம் தொல்லையில இருப்பாங்க, நாம வேற நடுவுல பூந்து தொந்தரவு பண்ணக்கூடாது" என்பார். தாம் கேட்காமல் இருப்பது நாகரிகம், பிறர் கேட்காமல் இருப்பது அலட்சியம் என்னும் இந்த வேறுபாட்டை இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, சிறிதும் தடுமாறாமல் விளக்குவார். 2020-இல் கொரோனா வந்தபோது, வாசலில் தகரம் அடித்துவிடுவார்களோ என்று அஞ்சி, தமக்கு வந்த காய்ச்சலை உடன்பிறந்தவர்க்கும் சொல்லாமல் மறைத்து, உடம்பு தேறியபின், "சாகப் பொழைக்கக் கிடந்தேன், ஒருத்தன் கேக்கலை" என்று சுற்றம் முழுவதன்மீதும் பழி சாற்றியது இதன் அடுத்த படி.

எனினும் இவரை முழு உருவில் காண வேண்டுமானால் 2019-க்குத் திரும்ப வேண்டும். வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் வைக்கப்பட்டிருக்கும் அத்தி மரத் திருமேனியை நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியே எழுந்தருளச் செய்வது வழக்கம். 1979-க்குப் பின் அவ்வாண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை, முதல் 31 நாள் சயனக் கோலத்திலும் அடுத்த 17 நாள் நின்ற கோலத்திலும் அத்தி வரதர் எழுந்தருளியிருந்தார். ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வந்தனர் என்பது மதிப்பீடு. விடுதிகளில் அறை கிடைக்காமல் போன அந்நாள்களில், நான்கு ஆண்டுகளாக ஒலிக்காத தொலைபேசிகள் காஞ்சிபுரம் எங்கும் ஒலிக்கத் தொடங்கின. "சித்தப்பா, எப்படி இருக்கீங்க? உடம்பு எப்படி இருக்கு? சித்தி நல்லா இருக்காங்களா? தறியெல்லாம் ஓடுதா?" என்று 2015-லிருந்து பாக்கி நின்ற விசாரிப்பு முழுவதும் ஒரே மூச்சில் வட்டியோடு கட்டப்பட்டது. பின்னர்ச் சிறிய இடைவெளி. பின்னர், "வர்ற சனிக்கிழமை நாங்க ஒரு எட்டு பேரு..."

மறுத்துவிடுவார் என்று எதிர்பார்ப்பவர் இவ்வகையை அறியாதவர். விசாரிக்கப்படாதவரின் பழிவாங்கல் விருந்தோம்பல் வழியாகவே நிகழும். எட்டுப் பேருக்கும் பாய் விரித்தார்; மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைக்கும் காஞ்சிபுரம் இட்லிக்குச் சொல்லி வைத்தார்; விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி வரிசையில் நிறுத்தக் கூடவே போனார்; ஒரு சொல் குத்திப் பேசவில்லை. ஆனால் சாப்பிட உட்கார வைத்த இடம் தற்செயலானதன்று. கூடத்துச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், பழுப்பாக ஒரு கோடு. பொங்கல்தோறும் வெள்ளையடிக்கும்போது அந்த ஒரு சுவரை மட்டும் அவர் அடிக்க விடுவதில்லை. எதிரே இலை போட்டுவிட்டு, பரிமாறிக்கொண்டே காத்திருந்தார். மூன்றாவது இட்லியில் ஒரு சிறுவன் கேட்டான்: "தாத்தா, அது என்ன கோடு?"

"அதுவா, 2015-ல தண்ணி வந்துதில்ல, அந்தக் கோடு" என்று சாம்பார் வாளியோடு நகர்ந்தார். நான்கு ஆண்டுகளாகச் செதுக்கி வைத்திருந்த வாக்கியம் அது. அண்ணன் மகன் இலையிலிருந்து நிமிர்ந்து, உண்மையான அதிர்ச்சியோடு சொன்னார்: "அய்யய்யோ, இவ்வளவு நடந்திருக்கா? எங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையே, சித்தப்பா!"

"சொல்லவே இல்லையே" என்பதற்கு இவ்வியலில் மாற்று மருந்து இதுவரை கண்டறியப்படவில்லை. கேட்காதவரின் குற்றத்தை ஒரே நொடியில் சொல்லாதவரின் குற்றமாக மாற்றிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. கூடத்தில் இருந்த எட்டுப் பேரும் ஆமாம் என்று தலையசைக்க, சித்தப்பா கையில் வாளியோடு குற்றவாளியாக நின்றார். அன்று மாலை பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் அண்ணன் மகன் தம் மனைவியிடம், "நம்மள வேத்து ஆளாத்தானே நெனச்சிருக்காரு? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்று மனம் நொந்து பேசிக்கொண்டு போனார், ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்யவில்லை. இவ்வாறு அக்குடும்பத்தில் இப்போது விசாரிக்கப்படாதவர் ஒருவரும் சொல்லப்படாதவர் ஒருவருமாக இருவர் இருக்கின்றனர். யார் முதலில் கூப்பிடுவது என்பது இதுவரை முடிவாகவில்லை.

அத்தி வரதர் அடுத்து எழுந்தருளுவது 2059-இல். அப்போது காஞ்சிபுரத்தில் தங்க இடம் வேண்டுவோர், அதற்கு முன் வரும் ஏதாவதொரு மழைக்காலத்தில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே, புடவை விலை எதுவும் கேட்காமல் ஒரு போன் செய்து வைப்பது நல்லது.