அலுமாரிக்குள் ஒரு பாண்ட் வாத்தியக் குழு

தம்பி, இன்னுமொரு பித்தளைக் கோர்னெட் வாங்கியிருக்கிறீராம். கொம்மா டெலிபோனில சொல்லேக்கை அழுதவவோ சிரிச்சவவோ எண்டு எனக்கு விளங்கேல்லை. நான் சந்தோசப்பட்டன். கொள்ளுப்பிட்டியில, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில, நாலாம் மாடியில இருக்கிறவனுக்கு அரிசி மூட்டை வைக்க இடமில்லாட்டிலும் பித்தளை வைக்க இடமிருக்குது எண்டால் அது பெரிய மனசுதான். ஊரில நாங்கள் விசயம் தெரியாத சனம். பித்தளை எண்டால் குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எண்டு நினைச்சுக்கொண்டு, அதுகளைக் கலியாணத்துக்குச் சீதனமாய்க் குடுத்தனாங்கள். நீர் கலியாணம் கட்டாமலே ஒரு அலுமாரி நிறையச் சேர்த்திட்டீர்.

புத்தி சொல்ல வரேல்லை. உவர் ஊர்க்கிழவன், என்.கே. பத்மநாதன்ர நாதஸ்வரமும் தட்சணாமூர்த்தியின்ர தவிலும் கேட்டுக் கோயில் வீதி மணலில விடிய விடிய இருந்த மனிசன், மூண்டு வால்வுக் குழலைப் பற்றி உவருக்கென்ன தெரியும் எண்டு நீர் வாய்க்குள்ள சிரிப்பீர். சிரியும். எண்டாலும் ஒண்டு சொல்லுறன். மாடு வாங்கிறவன் பல்லைப் பிடிச்சுப் பார்த்துத்தான் வாங்குவான். நீர் கொம்பைப் பார்த்துக் காசு குடுக்கிறீர்.

போன முறை நான் வந்து நிண்டபோது வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பெஸன் கோர்னெட்டை எடுத்துக் காட்டினீர். அதின்ர வாயில ஐம்பது கௌரவப் பதக்கம் எண்டு இங்கிலீசில பொறிச்சுக் கிடந்தது. நீர் அதைத் தடவித் தடவி வாசிச்சீர். பெஸன் 1837இல பாரிசில தொடங்கி, பிறகு லண்டனிலயும் பட்டறை போட்ட கொம்பனி. கண்காட்சிக்குக் கண்காட்சி பதக்கம் வாங்கினது பொய்யில்லை. ஆனால் வாங்கினது கொம்பனி, தம்பி. உம்மட கையில இருந்த குழல் வாங்கினது ஒரு நசிவும், ஒட்டுப்போட்ட ஈயமும்தான்.

அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பழஞ்சாமான் கடைக்கார ஐயா இன்னொண்டை வெள்ளைக்காரப் பட்டாளம் காலிமுகத் திடலில ஊதினது எண்டு சொல்லித் தந்தவர் எல்லோ, அதைத்தான் என்னால மறக்க ஏலாமல் இருக்குது. உத்தரப் பிரதேசத்தில மீரட் எண்டு ஒரு ஊர். அங்க ஜாலி கோத்தி எண்ட தெருவில இந்தியா முழுக்கக் கலியாண ஊர்வலத்துக்கு ஊதிற பித்தளை வாத்தியம் செய்யினம். நாதிர் அலி கொம்பனி 1885 தொடக்கம் இருக்குது. செய்யிற ஆக்களில பிழையில்லை, அவையள் கலியாணத்துக்கெண்டே செய்து கலியாணத்துக்கெண்டே விக்கினம். இடையில யாரோ அதைக் கறுப்பாக்கி, விக்டோரியா மகாராணியின்ர காலத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கினம். உம்மட பட்டாளக் குழல் காலிமுகத்தைக் கண்டது நீர் அதை ஓட்டோவில ஏத்திக்கொண்டு வந்த அண்டைக்குத்தான் எண்டு எனக்கொரு சந்தேகம்.

சரி, பல்லுப் பிடிச்சுப் பார்க்கிறது எப்பிடி எண்டு கேளும். நடு வால்வின்ர உடம்பில இலக்கம் வெட்டியிருக்கும். பெஸன், பூசி எண்ட கொம்பனிகளின்ர பழைய கணக்குப் புத்தகங்கள் இப்ப லண்டன் ஹோர்னிமன் மியூசியத்தில இருக்குது. கடைக்காரன்ர வாயைவிட அந்த இலக்கம் குறையக் கதைக்கும், கூட உண்மை சொல்லும். பிறகு வால்வை அழுத்தாமல் அதின்ர சின்ன ஸ்லைடை ஒரு வெட்டில வெளியில இழும். ‘டொப்’ எண்டு போத்தல் மூடி கழண்ட சத்தம் வந்தால் வால்வு காத்தைப் பிடிக்குது. சத்தமில்லாமல் கையோட வந்தால் பிஸ்டன் தேய்ஞ்சு போச்சுது. நீர் ஊதிற மூச்சில பாதி பக்கத்தால போகும். கடைசியாய், வாய் வைக்கிற குழாயை வெளிச்சத்தில திருப்பிப் பாரும். இளஞ்சிவப்பாய்ப் பொட்டுப் பொட்டாய் இருந்தால் வையும் கீழ. பித்தளை எண்டது செம்பும் நாகமும். எச்சில் ஈரமும் உப்பும் நாகத்தைத் தின்ன, செம்பு மட்டும் பஞ்சு மாதிரி மிஞ்சும். இரயில் போனாலே யன்னலில கடல் தெறிக்கிற இடத்தில வீடெடுத்துக்கொண்டு பித்தளை சேர்க்கிறீர் எண்டால் உமக்குத் துணிவு கூட.

நசிவு எடுக்கப் பஞ்சிகாவத்தைக்குக் கொண்டு போகாதையும். அங்க காருக்கு டிங்கரிங் அடிக்கிற பொடியள் கெட்டிக்காரர்தான், எண்டாலும் மோட்டார் மட்காட்டும் கோர்னெட்டும் ஒரு தகடில்லை. இன்னொண்டு, கொம்மாவின்ர கண்ணில அந்த வெள்ளி முலாம் பூசின குழலைக் காட்டாதையும். அவவுக்கு மங்கலாய் எதைக் கண்டாலும் புளி ஞாபகம் வரும். பழப்புளியும் சாம்பலும் போட்டு ஒரு வெள்ளிக்கிழமை தேய்ச்சாவெண்டால் முலாமும் போகும், வெட்டின பூவேலையும் போகும், உம்மட ஐம்பது பதக்கமும் தொட்டிக்குள்ள போகும். குத்துவிளக்கு மட்டும் பளபளக்கும்.

இனி வாறதுதான் சங்கதி. கதிரையை இழுத்துப் போட்டு இரும். இண்டைக்கு உலகம் முழுக்கச் சுருதி சேர்க்கிற ‘ஏ’ எண்ட சுரம் செக்கனுக்கு 440 அதிர்வு. அந்தக் காலத்து இங்கிலீசு பாண்டுகளுக்கு அது 452க்கும் மேல. பன்னிரண்டுதானே எண்டு நினைப்பீர். காதுக்கு அது அரைச் சுரத்தில பாதி! பட்டாள பாண்டுகள் 1920களின்ர கடைசியில கீழ இறங்கினதுகள். அங்கத்தைய ஊர்ப் பித்தளை பாண்டுகளும் இரட்சணிய சேனையின்ர பாண்டுகளும் 1960களின்ர நடுப்பகுதி வரைக்கும் மேலயே நிண்டதுகள். இரட்சணிய சேனைக்கு இங்கிலாந்தில சென்ற் ஓல்பன்சில சொந்தமாய் வாத்தியப் பட்டறையே இருந்தது. 1901 தொடக்கம் 1972 வரை அங்க செய்தவை. 1883இல இலங்கைக்கு வந்த சேனை அது, இப்பவும் உமக்குப் பக்கத்தில கொம்பனித்தெருவிலதான் தலைமையகம். போய் விசாரியும்.

ஸ்லைடை வெளியில இழுத்துச் சமாளிப்பன் எண்டு சொல்லுவீர். நாலரை அடிக் குழாயில ஒண்டரை அங்குலம் கூட்ட வேணும். கூட்டினால் வெறும் சுரம் சரிவரும். வால்வை அழுத்தினதும் மற்றதெல்லாம் கோணும், ஏனெண்டால் வால்வுக்குப் பின்னால இருக்கிற ஒவ்வொரு வளையமும் பழைய சுருதிக்கு அளந்து வெட்டினது. ஆகையால் நீர் ஆசைப்பட்டு வாங்கினதில பாதி, இண்டைக்கு இருக்கிற எந்த பாண்டோடயும் சேர்ந்து ஊத ஏலாத சாமான். தனிய இருந்து ஊதலாம். உம்மட குணத்துக்குத் தோதாய்த்தான் அமைஞ்சிருக்குது.

எங்கட ஆக்களுக்கும் இது புதுசில்லை. முந்தி இருந்தது திமிரி நாயனம், கட்டையானது, சுருதி கூடினது. திருவாவடுதுறை ராஜரத்தினம்பிள்ளை நீளத்தைக் கூட்டிப் பாரி நாயனத்தைக் கொண்டு வந்தார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி கடைஞ்சு குடுத்தவர். நாதம் கீழ இறங்கி இனிச்சுது. பிறகு மேளக்காரர் திமிரியைக் கையுறை போட்டுத் தடவிக்கொண்டு இருக்கேல்லை, பாரியை எடுத்து ஊதினவை. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவால வெளிக்கிட்டு உம்மட காலி வீதியாலதான் பம்பலப்பிட்டிக்குப் போகுது. முன்னால ஊதிக்கொண்டு நடக்கிறவனையும் பாரும், பல்கணியில நிண்டு படம் எடுக்கிற உம்மையும் பாரும்.

வெள்ளைக்காரனும் இந்தப் பாடத்தைச் சும்மா படிக்கேல்லை. 1854இல, கிரைமியா யுத்தக் காலத்தில, துருக்கியில ஸ்கூட்டாரி எண்ட இடத்தில மகாராணியின்ர பிறந்தநாளுக்குப் படைகள் அணிவகுத்தவையாம். பட்டாளத்துக்குப் பட்டாளம் வேற வாத்தியம், வேற சுருதி, வேற சோடிப்பு. ராணியின்ர பாட்டை எல்லாரும் ஒண்டாய்த் தொடங்க, பக்கத்தில நிண்ட நேச நாட்டுக்காரர் எங்க பார்க்கிறதெண்டு தெரியாமல் நிண்டவையாம். அந்த வெட்கத்தில 1857இல நெல்லர் ஹோல் எண்டு பாண்டுக்காரருக்குப் பள்ளிக்கூடமே திறந்தவை. அவையள் வெட்கப்பட்டுப் பள்ளிக்கூடம் திறந்தினம். நீர் அலுமாரி திறந்து காட்டுறீர்.

நீர் தலையில வைச்சுக் கொண்டாடுற அந்தக் குழலின்ர குலத்தையும் சொல்லட்டோ? ஐரோப்பாவில தபால் வண்டிக்காரன் வழிவிடச் சொல்லி ஊதின சுருட்டுக் கொம்பு ஒண்டு இருந்தது. 1820களின்ர கடைசியில பிரான்சில அதுக்கு வால்வு பூட்டினவை, கோர்னெட் பிறந்தது. ட்ரம்பெட் குழாய் பெரும்பாலும் ஒரே பருமன்; கோர்னெட் நாதஸ்வரத்தைப் போல விரிஞ்சுகொண்டே போகும். அதாலதான் அதின்ர சத்தம் குத்தாமல் உருண்டு வரும். அர்பன் எண்டவர் 1864இல அதுக்கெண்டு எழுதின பாடப் புத்தகத்தை இண்டைக்கும் உலகம் முழுக்கப் பொடியள் படிக்கினம். உம்மட மேசையிலயும் ஒண்டு கண்டன். முதல் பத்துப் பக்கத்தில கைபட்ட அழுக்கு, மிச்சம் கடதாசி வாசம் போகாமல் இருந்தது.

அமெரிக்காவில நியூ ஓர்லியன்சில ஒரு கறுப்பினப் பொடியன், வருசப் பிறப்புக்கு முதல்நாள் ராத்திரி துவக்கால வெடி வைச்சுப் பிடிபட்டான். 1913இல அவனைக் கொண்டுபோய்ச் சீர்திருத்தப் பள்ளியில விட்டவை. அங்க பாண்ட் இருந்தது. முதல் ஒரு கஞ்சிரா மாதிரிச் சாமானைக் குடுத்து, பிறகு பியூகிள் குடுத்து, கடைசியில கோர்னெட்டைக் கையில குடுத்தவை. அவன்தான் லூயி ஆம்ஸ்ட்ரோங். அந்தக் கோர்னெட் எந்தக் கொம்பனி, எத்தினை பதக்கம் எண்டு அவன் கேட்டதாய் நான் அறியேல்லை.

எல்லாத்தையும் வித்துப்போடும் எண்டு நான் சொல்ல மாட்டன். போத்தல் பத்திரக்காரனுக்குக் கிலோக் கணக்கில போட்ட வீடுகளை ஊரில கண்டிருக்கிறன், அதைவிட உம்மட அலுமாரி புண்ணியம். ‘டொப்’ எண்டு சத்தம் போடுற நல்ல குழல் ஒண்டைத் தெரிஞ்செடும். பக்கத்து வீட்டு அம்மா மத்தியானம் கண்ணயருற நேரத்தை விட்டிட்டு, இரயில் போற நேரம் பார்த்து ஊதிப் பழகும். உம்மட பிழையை அது சுமந்துகொண்டு வெள்ளவத்தைப் பக்கம் போகும். எச்சில் விடுற துவாரத்தின்ர தக்கையை மாத்தும். வால்வுக்குத் தேங்காயெண்ணெய் விடாதையும், போகப்போகப் பிசின் பிடிச்சு நிக்கும்.

ஊத வந்ததும் மார்ச் மாதம் யாழ்ப்பாணம் வாரும். கொழும்பில ரோயலும் தோமியனும் நூற்றி நாற்பது வருசத்துக்கு மேலாய் மோதுற பெரிய மட்சில பப்பரே பாண்ட் அடிக்கிறதைக் கேட்டிருப்பீர். எங்கட மத்திய கல்லூரியும் பரியோவானும் 1904 தொடக்கம் மோதுற வடக்கின் பெரும்போருக்கு முன்னால அதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு. வெயிலுக்குள்ள, கொடியும் கூக்குரலுமாய், மேளம் ஒரு பக்கம் ட்ரம்பெட் ஒரு பக்கம் எண்டு பொடியள் ஊதிற ஊதலில உம்மட 452 ஒருத்தனுக்கும் விளங்காது. விளங்கினாலும் ஆருக்குக் கவலை? விக்கெட் விழுந்தால் சரி.

ஒண்டு மட்டும். பக்கத்தில நிக்கிற பள்ளிக்கூடப் பொடியன் ஒருத்தன் உம்மட குழலைக் கண்ணெடுக்காமல் பார்த்தானெண்டால், கையுறையைத் தேடிக்கொண்டு நிக்காதையும். வாய்ப்பிடியைச் சட்டையில துடைச்சு அவனிட்டக் குடுத்திட்டு, நீர் மேளத்தை வாங்கி அடியும். மேளத்துக்குச் சுருதிப் பிரச்சினையும் குறைவு.