வளவுக் கதவியல்: ஒரு குளியலறை, நான்கு தாழ்ப்பாள்

இளையாத்தங்குடிக்கு ஆராய்ச்சி புதிதல்ல. நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று இங்கே. அதற்குள் ஏழு பிரிவுகள். 1962இல் காஞ்சிப் பெரியவர் முன்னிலையில் ஆகம, சிற்ப சதஸ் கூடியதும் இந்த ஊரில்தான். கருவறைக்கும் வாசற்காலுக்கும் விரற்கடை பிசகாமல் அளவு சொல்லும் சாத்திரங்களுக்குப் பந்தல் போட்ட ஊர் என்ற தைரியத்தில், அந்தச் சாத்திரங்களின் வால்பகுதியாக இந்தச் சிறு ஆய்வை முன்வைக்கிறேன். பொருள்: பங்காளிகள் கூடிப் படுத்தெழும் வீட்டில் படுக்கையறைக் கதவுகளையும் பொதுக் குளியலறைக் கதவையும் எங்கே வைப்பது. களம்: எங்கள் பூர்வீக வீடு. ஆய்வாளனின் தகுதி: அவ்வீட்டில் பதினொன்றில் ஒரு பங்கு, முன்னோருக்கான படைப்புக்குப் போன ஒவ்வொரு முறையும் துண்டும் சோப்புப் பெட்டியுமாகக் காத்து நின்ற முப்பதாண்டு அனுபவம்.

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, கொல்லை. தலைவாசலில் நின்றால் பின்கதவு வரைக்கும் பார்வை தடையில்லாமல் ஓடும். வளவின் முற்றத்தைச் சுற்றிப் பத்தி. பத்தியை ஒட்டி அறைகள். அறை என்று எழுதுவதே ஆய்வுப் பிழை. ஊர்ச் சொல்லில் அது ‘வீடு’. ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால் ‘இரட்டை வீடு’. கல்யாணமான ஆண்பிள்ளை ஒரு புள்ளி. புள்ளிக்கு ஒரு வீடு. வேறு வைத்த பிறகு தனி அடுப்பு. ஆக, வீட்டுக்குள் வீடு, அதற்குள் இன்னொரு வீடு. அந்தக் கடைசி வீட்டுக்குள் சீர் சாமானும் பெட்டகமும் இரும்புப் பெட்டியும் போக மிஞ்சுவது ஒரு பாய் அகலம். அதனால் ஆண்கள் முகப்பிலும் பட்டாலையிலும், பெண்டு பிள்ளைகள் பத்தியிலும் படுத்தார்கள். படுக்கையறையில் படுக்காதவர்களின் படுக்கையறைக் கதவைப் பற்றித்தான் நான் ஆராய்கிறேன் என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

படுக்கையறைக் கதவுகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கக் கூடாது என்று இப்போது பிளான் போட்டுத் தரும் தம்பிகள் சொல்கிறார்கள். வளவில் பத்து வீடு என்றால் கதவு இணைகள் 45. இந்த 45இல் பாதி நேராகப் பார்க்கும். மீதி ஓரக்கண்ணால் பார்க்கும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே கதவு கிடையாது. எல்லாருக்கும் ஒரே வழி, வளவு வழி. இதில் அந்தரங்கம் எப்படி என்று கேட்டால், அதற்கு ஒரு கட்டடக் கூறு இருந்தது: அப்பத்தா. பத்தியின் மூலைத் தூணில் சாய்ந்து பாக்கு இடித்துக்கொண்டிருப்பார். பார்க்க வேண்டியதை அவர் ஒருவரே பார்த்துவிடுவதால் மற்றவர்களுக்குப் பார்க்கும் வேலை இல்லை. சுவர் எழுப்பிக் காக்க வேண்டியதை ஒரு வெற்றிலைப் பெட்டியை வைத்துக் காத்த தொழில்நுட்பம் இது. எந்தப் பொறியியல் கல்லூரியிலும் பாடமாக இல்லை.

குளியலறை இந்தப் பிளானிலேயே இல்லை. கொல்லையில் கிணறு, தோய்கல், வெந்நீர்த் தவலை, பெண்களுக்கு ஒரு கீற்று மறைப்பு. எங்கள் வீட்டுக் கதவிலிருந்து கிணற்றடி வரை நான் எண்ணியது 118 எட்டு. இந்த 118ஐக் குறை என்று நினைத்ததுதான் எங்கள் தலைமுறையின் அறியாமை. துண்டைத் தோளில் போட்டுப் புறப்படுகிறவரை இரண்டாம் கட்டிலேயே யாராவது மறித்து, “பெரியவுக குளிக்கிறாக, செத்த இருங்க” என்று விடுவார்கள். அவர் அடுப்படிப் பக்கம் ஒதுங்கிக் காபி குடிப்பார். வரிசை என்று ஒன்று உருவாகும் முன்பே கரைந்துவிடும். குளிக்கிறவருக்குக் கதவுக்கு வெளியே ஒருவர் நிற்கிறார் என்ற உறுத்தல் இல்லை, கதவும் இல்லை. இதிலிருந்து நான் வருவித்த விதி: பொதுக் குளியலறையால் வரும் சண்டை, அது படுக்கையறைக்கு எத்தனை எட்டு நெருங்குகிறதோ அத்தனை மடங்கு பெருகும்.

நெருங்கியது. எங்கள் வீட்டுக்கும் பெரியப்பச்சி வீட்டுக்கும் நடுவே சாமான் போட்டிருந்த ஒரு சிற்றறையைக் குளியலறை ஆக்கலாம் என்று வெளியூர் இன்ஜினீயர் ஒருவர் யோசனை சொன்னார். குளியலும் கழிப்பும் சேர்ந்த அறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்பது 2.8 சதுர மீட்டர், அது இருந்தது. இரண்டு புள்ளிக்கும் பாத்தியம் என்பதால் இரண்டு கதவு. மேல்நாட்டில் இதற்கு ஜாக் அண்ட் ஜில் பாத்ரூம் என்று பெயராம். அந்தக் குழந்தைப் பாட்டில் இருவரும் தண்ணீர் எடுக்கப் போய் உருண்டு விழுகிறார்கள். பெயர் வைத்தவர் விளைவு தெரிந்தே வைத்திருக்கிறார்.

கணக்குக்கு வருவோம். கதவு இரண்டு; கதவுக்கு உள்தாழ் ஒன்று, வெளித்தாழ் ஒன்று; ஆகத் தாழ்ப்பாள் நான்கு. ஒவ்வொன்றும் போட்டிருக்கலாம், போடாதிருக்கலாம் என்பதால் நிலைகள் 16. இரண்டு உள்தாழும் திறந்திருக்கும் நிலைகள் 4. வீடு அமைதியாக இருக்கும். இரண்டு உள்தாழும் போட்ட நிலைகள் 4. உள்ளே ஆள் இருக்கிறார். மீதி 8இலும் குளித்தவர் தன் பக்கம் திறந்து வெளியேறி, எதிர்ப்பக்கத் தாழைத் திறக்க மறந்துவிட்டார். மனித குலத்தின் மறதிக்குப் பதினாறில் எட்டுப் பங்கு ஒதுக்கிய அறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. “அந்தப் பக்கம் திறந்து விடுங்க” என்று நாங்கள் வளவைச் சுற்றிப் போய்ச் சொல்வோம். மறுநாள் அவர்கள் சுற்றி வருவார்கள். தூரத்தை மிச்சம் பிடிக்கக் கட்டிய அறை இது.

இந்தப் பதினாறில் ஒன்று, நான்கு தாழும் போட்ட நிலை. ஏட்டில்தான் வரும் என்று நினைத்திருந்தேன். ஒரு படைப்பன்று நேரில் வந்தது. பெரியப்பச்சி உள்ளே. அவர் கிணற்றடிக்குப் போயிருப்பதாக எண்ணிப் பெரியாத்தா தன் பக்கம் வெளித்தாழைப் போட்டுவிட்டுச் சமையலுக்குப் போனார். வெளியாள் நடமாட்டம் அதிகம், வெள்ளிச் சாமான் இருக்கிறது என்று ஆத்தாவும் எங்கள் பக்கத்து வெளித்தாழைப் போட்டார். இரண்டாம் கட்டில் மேளம். கதவு தட்டிய சத்தம் யார் காதிலும் விழவில்லை. பந்தியில் ஓர் இலை மிஞ்சிய பிறகுதான் தேடினார்கள்.

“யாருடா கொண்டி போட்டது?”

“உங்க பக்கம் அண்ணமிண்டி போட்டிருக்கும்ணே.” அண்ணமிண்டி என்று அப்பச்சி, அதாவது என் அப்பா, சொன்னது பெரியாத்தாவை.

“உன் பக்கம்?”

அப்பச்சி பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் இரண்டு வருஷம் நீடித்தது.

கானாடுகாத்தானிலும் கொத்தமங்கலத்திலும் பழைய மாளிகைகளை விடுதிகளாக்கி அறைக்கொரு குளியலறை வைத்திருக்கிறார்களே, அதைப் பின்பற்றலாமே என்று வாதிடுவோர் உண்டு. அங்கே அது சரி. அடுத்த அறைக்காரர் பங்காளி இல்லை. காலையில் பில்லைக் கட்டிவிட்டுப் போகிறவர். பதினோரு பங்குக்குப் பதினோரு குளியலறை வைத்தால் வளவில் குழாய் மட்டும்தான் மிஞ்சும். என் முடிபு வேறு: பொதுவானதன் கதவு பொதுவிடத்தில்தான் திறக்க வேண்டும். இரண்டு பக்கக் கதவையும் அடைத்துவிட்டுப் பத்தியைப் பார்த்து ஒற்றைக் கதவு, ஒற்றைத் தாழ்.

பங்காளிகள் கூட்டத்தில் இதைப் படித்தேன். மறுப்பே இல்லை, கொத்தனாரையும் வரச் சொல்லியாயிற்று. அவர் வந்து கதவு நிலைகளைத் தட்டிப் பார்த்து, “பர்மாத் தேக்கு. பேத்தெடுத்தா யாருக்குங்க?” என்று கேட்டார். கூட்டம் திரும்பக் கூடியது. பத்தி வாசல் திறந்தாகிவிட்டது. பழைய இரண்டு வாசலையும் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. நிலையும் கதவும் மட்டும் சுவரோடு அப்படியே நிற்கின்றன. எங்கள் பக்கக் கதவை யாராவது திறந்தால் செங்கல் தெரியும். ஆத்தா இன்றைக்கும் படுக்கும் முன் அதற்குக் கொண்டி போடுகிறார்.