ஆறப் பொறுக்காதவர்

ஹூஸ்டன் நகரத்துப் புறநகர்த் தெருக்களில் சனிக்கிழமை காலை நடந்து போனால் இவரைப் பார்க்கலாம். கராஜ் கதவு பாதி தூக்கியிருக்கும். உள்ளே புரொபேன் அடுப்பு சீறிக்கொண்டிருக்கும், அதன்மேல் ஒரு ஸ்டீல் அண்டா. பக்கத்தில் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக, கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க, ஐம்பதைத் தொடும் ஆசாமி ஒருவர். கார் எங்கே என்று கேட்காதீர்கள். அது பல வருஷமாகத் தெருவில்தான் காய்கிறது.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர். இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. 1933-ல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டு ஒயினுக்கு வழிவிட்ட அமெரிக்க அரசாங்கம், வீட்டு பீரை விட்டுவிட்டது. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 200 காலன், அதாவது 750 லிட்டருக்குச் சற்று மேல், வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். நம்மவர் இந்த உரிமையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டியதில்லை. நேரமெல்லாம் சில்லர் தேடுவதிலேயே போய்விடுகிறது.

சில்லர் எதற்கு? மால்ட் பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றுக்கு வோர்ட் என்று பெயர். அதில் ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். பிறகு 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறக்கினால்தான் ஈஸ்ட் சேர்க்கலாம். சூட்டோடு போட்டால் ஈஸ்ட் செத்துப்போகும். தானாக ஆறட்டும் என்று திறந்து விட்டாலோ, இளஞ்சூடு கண்ட கிருமியெல்லாம் குடியேறும். டைமீதைல் சல்ஃபைடு என்ற வஸ்து தங்கிப்போய், பீரில் வேகவைத்த மக்காச்சோள வாடை அடிக்கும். டீக்கடைக்காரர் மாதிரி தூக்கி ஆற்றவும் வழியில்லை. சூடான வோர்ட்டுக்குக் காற்று ஆகாது. ஆகவே குழாய், தண்ணீர், சில்லர்.

வார நாட்களில் இவர் ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் எஞ்சினியர். ரயில் பெட்டி நீளத்துக்கு இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரை மத்தியானச் சாப்பாட்டுக்குள் தேர்ந்தெடுத்துக் கையெழுத்தும் போட்டுவிடுவார். அது கம்பெனிக் காசு, கம்பெனி எண்ணெய். வீட்டில் 20 லிட்டர் வோர்ட் என்று வந்துவிட்டால் ஆறு மாதம் போதாது.

செம்புச் சுருளில்தான் ஆரம்பித்தார். அண்டாவுக்குள் இறக்கிவிட்டு, தோட்டத்துக் குழாயை ஒரு முனையில் மாட்டித் திறந்தால் வேலை முடிந்தது. முடிந்துவிட்டதே என்பதுதான் இவர் குறை. 25 அடி போதுமா, 50 அடி வேண்டுமா? குழாய் எட்டில் மூன்று அங்குலமா, அரை அங்குலமா? செம்பா, ஸ்டெயின்லெஸ்ஸா? வெப்பம் கடத்துவதில் செம்புக்கு 400 மார்க், ஸ்டெயின்லெஸ்ஸுக்கு 16 மார்க் என்று தபால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். குழாயின் சுவர் மெல்லியது, அதனால் நடைமுறையில் வித்தியாசம் அத்தனை பெரிதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அதைச் சொன்னால் பேச்சு முடிந்துவிடுமே!

அடுத்து வந்தது, ஹோஸுக்குள் குழாய் செருகிய ரகம். உள்ளே வோர்ட் ஒரு பக்கம் ஓட, வெளியே தண்ணீர் எதிர்ப்பக்கமாக ஓடும். நன்றாகத்தான் ஆற்றியது. ஆனால் உள்ளே என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியவில்லை. ராத்திரி எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்ப்பார். சுருண்ட குழாய்க்குள் டார்ச் என்ன செய்யும்?

இப்போது தகடு ரகம். ஸ்டெயின்லெஸ் தகடுகளை அடுக்கிப் பற்றவைத்த கையடக்கக் கட்டி. சுருளுக்கு 20 நிமிஷம் என்றால் இதற்கு 12. மிச்சமான 8 நிமிஷத்தைப் பற்றி இவர் பேசும்போது முகத்தில் ஒரு தேஜஸ் வரும். கட்டிக்குள் ஹாப்ஸ் தூள் அடைத்துக்கொள்ளும் என்பதால் முன்னும் பின்னும் தண்ணீர் பாய்ச்சி, மருந்து போட்டு ஊறவைத்து, அதுவும் போதாமல் மனைவி கேக் செய்யும் ஓவனில் வைத்துச் சுட்டெடுப்பதில் ஒரு மணி நேரம் போகிறது. அந்தக் கணக்கை அவர் எழுதுவதில்லை. ஈஸ்ட் போட்டபின் பீர் புளிக்க இரண்டு வாரம், பாட்டிலில் கிடக்க இன்னும் இரண்டு வாரம். ஆக்கப் பொறுத்தவர், புளிக்கவும் பொறுத்தவர், நடுவே ஆறத்தான் பொறுக்கவில்லை.

மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சில்லர் வழியாகப் போகிற தண்ணீர் பீரைவிடப் பல மடங்கு. முதலில் வருவது கொதிக்கக் கொதிக்க வரும். ரோஜாச் செடிக்கு விட்டார், செடி போயிற்று. அன்றிலிருந்து வாஷிங் மெஷினுக்குள் விடுகிறார். சில்லர் சோதனை என்றைக்கோ அன்றைக்குத்தான் அந்த வீட்டில் துணி வெளுக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி, "நாளைக்குக் காய்ச்சறீங்களா, இல்ல நான் லாண்டிரியில போடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்த அம்மாள் படுக்கப் போகிறார்.

காய்ச்சக் கற்றுக்கொள்ள வந்த பக்கத்து வீட்டுப் பையன் ஒருமுறை கேட்டான்: "அண்டாவை ஐஸ் தொட்டியில வச்சா ஆறாதா சார்?"

"ஆறும்," என்றார். உண்மையைப் பேசுகிறவர். கொஞ்சம் பொறுத்து, "ஆனா..." என்றார். பையன் வீடு திரும்பும்போது தெருவிளக்கு எரிந்தது.

அவருக்குப் பிடிக்காத தேசங்கள் இரண்டு. ஆஸ்திரேலியாவில் பலர் கொதிக்கும் வோர்ட்டை அப்படியே பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, இறுக மூடி, மறுநாள் பார்த்துக்கொள்கிறார்கள். பீரும் நன்றாகவே இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் 1900-ல் தொடங்கிய கான்டில்லோன் ஆலையில் மேல்மாடியில் ஓர் அகலமான செம்புத் தொட்டியில் வோர்ட்டைத் திறந்து வைத்து, ராத்திரிக் காற்றிலேயே ஆறவிடுகிறார்கள். காற்றோடு வரும் ஈஸ்ட்தான் அங்கே வேலைக்காரன். குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சுகிறார்கள். அந்த பீருக்கு உலகமே வரிசையில் நிற்கிறது. இந்த இரண்டைப் பற்றியும் கேட்டால் நம்மவர் அடுப்பைச் சரிபார்க்கப் போய்விடுவார்.

உண்மையான வில்லன் தண்ணீர். ஆகஸ்டில் ஹூஸ்டன் குழாயைத் திறந்தால் தண்ணீர் 30 டிகிரிப் பக்கம் வரும். எந்த சில்லரும், என்ன விலை கொடுத்து வாங்கினாலும், வருகிற தண்ணீரைவிடக் கீழே ஆற்றாது. இது எஞ்சினியருக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் முன்னால் ஐஸ் வாளிக்குள் இன்னொரு சுருள் வைத்திருக்கிறார். அந்தச் சுருள் 25 அடியா, 50 அடியா என்பதுதான் இந்த வருஷத்து ஆராய்ச்சி.

காய்ச்சும் ஆசை உங்களுக்கும் இருந்து, சட்டம் அனுமதிக்கும் ஊரிலும் இருந்தால், 50 அடிச் செம்புச் சுருள் ஒன்று வாங்குங்கள். கொதி முடிய கால் மணி இருக்கும்போது அண்டாவில் இறக்குங்கள், கிருமி போய்விடும். தண்ணீரைத் திறந்ததும் கைகட்டி நிற்காமல் சுருளை அசைத்துக்கொண்டே இருங்கள். ஆறிய வோர்ட் சுருளைச் சுற்றித் தேங்கிவிட்டால் எதுவும் சீக்கிரம் ஆறாது. ஆகஸ்டில் காய்ச்ச வேண்டாம். எந்த சில்லர் நல்லது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். ஆகஸ்டில் கேட்டால், அவர் பேசி முடிப்பதற்குள் டிசம்பர் வந்து குழாய்த் தண்ணீரே குளிர்ந்துவிடும்.