கிராமசபையில் ‘அதெல்லாம் முடியாது’ என்று சொல்வது எப்படி?

முதலில் வண்டியை மானூருக்கு விடுங்கள். நெல்லையிலிருந்து சங்கரன்கோவில் போகிற சாலையில் இருக்கிறது. ஆவணி மூலத்தில் கருவூர்ச் சித்தருக்குக் காட்சி கொடுக்க நெல்லையப்பரே எழுந்தருளுகிற ஊர். நாம் போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அங்கே அம்பலவாணர் கோயிலில் ஊர்ச் சபைக்கான விதிகளைச் சொல்லும் வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. மாறஞ்சடையன் என்ற பாண்டியனின் 35-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 800-ஐ ஒட்டிய காலம். ஊராட்சி என்றாலே எல்லாரும் உத்திரமேரூருக்கு ஓடுகிறார்கள். அங்கே இருக்கிற கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுச் சங்கதி. நம்ம கல்லு அவற்றுக்கு நூறு வருஷம் மூத்தது. இங்கிலாந்துக்காரர்கள் கொண்டாடுகிற மேக்னா கார்ட்டா உரிமைச் சாசனம் 1215-இல்தான் வந்தது.

அந்தச் சபையில் உட்கார ஊர் நிலத்தில் பங்கு வேண்டும். வேதத்தின் மந்திர பிராமணமும் ஒரு தரும நூலும் படித்திருக்க வேண்டும், நடத்தையும் சரியாக இருக்க வேண்டும். பங்கு விலைக்கு வந்ததோ, தானமாக வந்ததோ, சீதனமாக வந்ததோ, முழுசாக இருக்க வேண்டும். கால், அரை, முக்கால் எல்லாம் செல்லாது. மாமனார் அரைப் பங்கு தந்தார் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தால் எந்த வாரியத்திலும், அதாவது சபையின் குழுவிலும், ஏற முடியாது. சீதனம் கொண்டுவந்த பெண்ணுக்கு இடமில்லை. வயலில் இறங்கி நாற்று நட்டவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. இது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த பிரமதேய ஊர்; மக்களாட்சி என்று மார்தட்டுமுன் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

இனி பாடத்துக்கு வருவோம். அந்தச் சபையில் வருகிற யோசனைக்கெல்லாம் ‘அன்று, அன்று’ (அல்ல, அல்ல) என்று முட்டுக்கட்டை போட்டால், இனத்துக்கு 5 காசு தண்டம். பக்கத்தில் நின்று “அப்படிப் போடும்வே!” என்று ஏற்றிவிட்டவருக்கும் அதே தண்டம். கட்டிவிட்டு விதிக்கு அடங்கியும் நடக்கணும். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பே நம்மூரில் வம்பு பிடிக்கிறவர்கள் ஏராளமாக இருந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்றைக்குக் கிராமசபையில் அந்தப் பயம் இல்லை. ‘முடியாது’ என்று சொல்ல இடம் விட்டால்தானே? வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, தீர்மான நோட்டைக் கைமாற்றி விடுவார்கள். ‘ஏகமனதாக’ என்பது ஏற்கெனவே எழுதியிருக்கும். கீழே கையெழுத்துக்குத்தான் இடம் காலி. “அண்ணாச்சி, சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்க, டீ வந்துட்டிருக்கு” என்பார்கள். பேனாவை வாங்காதீர்கள். வாங்கினால், உங்கள் ஆட்சேபத்தை எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். “இவரு எப்பவும் இப்படித்தான்” என்று பின்வரிசையில் முனகல் கேட்கும். அது 5 காசை விடக் கனமான தண்டம், தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். தண்ணீர் வராத குழாய்க்கு ஏகமனதாக நன்றி சொல்வதைவிட அது தேவலாம்.

வேதமும் வேண்டாம், முழுப் பங்கும் வேண்டாம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால், ஆணோ பெண்ணோ, நீங்கள் சபை உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. ஒரு நாளாவது டீ வருவதற்கு முன்னால் வாயைத் திறவுங்கள்.