குட்டிக்குமா பத்திரம், மாப்ளே?

வாங்க மாப்ளே. ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போன மனுசன் வெறுங்கையோட வந்துட்டீகளாமே! "குட்டி கேட்டா என்னைய விசாரிக்கிறான் மாமா, வீடு எப்படி, காம்பவுண்டு உண்டான்னு கேட்டுட்டுப் பத்திரம் வேற நீட்டுறான்"னு டீக்கடையில புலம்புறீகளாம். அநியாயந்தான். என் பொண்ணைக் கொடுக்கும்போது நானே உங்கள இவ்வளவு கேக்கலை. கேட்டிருக்கணும், இப்பப் பேசி என்ன செய்ய?

பேசாம ரோட்டோரமாக் கூடையில வச்சு விக்கிறவன்கிட்ட வாங்குங்க. ஒரு கேள்வி கிடையாது. பணத்தை எண்ணுவான், குட்டியைக் கொடுப்பான், மறுநாள் போனை எடுக்க மாட்டான். குட்டி பால்வெள்ளையா, ரோஸ் மூக்கோட லட்சணமா இருக்கும். கூப்பிட்டா மட்டும் திரும்பாது. திமிருன்னு நினைச்சுராதீக, காது கேக்காது. இந்தச் சாதியில பிறவிச் செவிடு வர்றது உண்டு. ஒழுங்கா வளர்க்கிறவன் அதைப் பார்த்துச் சொல்லிட்டுத்தான் கொடுப்பான். அந்தக் குட்டியில ஈத்து எடுக்கக் கூடாதுன்னு எழுதியும் வாங்கிக்குவான்.

அந்த வரிதான உங்களுக்குக் குத்துது? "காசு கொடுத்து வாங்குன நாயி, சேர்க்கக் கூடாதுன்னு சொல்ல அவன் யாரு?"ன்னு கேட்டீகளாமே. நீங்க பார்க்கிற பொருத்தம் எனக்குத் தெரியாதாக்கும்? எதுத்த தெரு ஆண் நாயி அண்ணனா தம்பியான்னு பார்க்க மாட்டீக. "சேரட்டும் மாமா, குட்டி ஆளுக்குப் பாதி"ம்பீக. 2005-ல தபால்தலையில ஏறுன இந்தச் சாதி நாயி, உங்க கொல்லையில ஒரே ஈத்துல இறங்கிப்போகும்.

எல்லாக் குட்டிக்கும் அப்படித் தடை போட மாட்டாக. நல்லாத் தேறி வந்தா, வளர்ந்தப்புறம் உடம்பையும் குணத்தையும் பார்த்துட்டுத் தடையை எடுத்துவிடுறவக உண்டு. கொடுக்கிறவன், வாங்குறவன் ரெண்டு பேரு பேருலயும் கூட்டா வச்சுக்கிறதும் உண்டு. அப்ப எத்தனை ஈத்து, எந்த ஆண் நாயி, வைத்தியச் செலவு யாருது, முதல்ல குட்டி பொறுக்கறது யாருன்னு முன்கூட்டியே எழுதிரணும். ஆண் நாயி விட்டதுக்குக் கூலி பணமா, குட்டியா, சினை நிக்கலைன்னா மறுபடி விடணுமா, அதையும் எழுதணும். வாய்ப்பேச்சா விட்டா, குட்டி கண்ணு திறக்கிறதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் ஸ்டேஷன்ல நிப்பீக.

சர்க்காரும் சும்மா இல்ல. 2017-ல விதி போட்டிருக்கு. நாயை ஈத்தெடுத்து விக்கிறவன் மாநில விலங்கு நல வாரியத்துல பதியணும். 8 வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாது. பெட்டைக்கு 18 மாசம் ஆகணும், வருசத்துக்கு ஒரு ஈத்து, ஆயுசுக்கே 5 ஈத்துதான். கூடைக்காரன்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்களேன், உங்களையே கூடையில வச்சுருவான்.

பத்திரம்னா உங்களை மட்டும் கட்டுறதுன்னு நினைப்பா? குட்டி கொடுக்கிறவனையுந்தான் கட்டும். என்னென்ன ஊசி போட்டிருக்கு, வாங்குன சில நாளுக்குள்ள டாக்டர் பார்த்துக் குறை சொன்னா என்ன செய்வான், பிறவிக் கோளாறு பின்னால தெரிஞ்சா பணமா, மாத்துக் குட்டியா, கென்னல் கிளப் பதிவுக் காகிதம் எப்பக் கைக்கு வரும், எல்லாம் அதுல இருக்கணும். உங்க பொறுப்பு மட்டும் வரி வரியா இருந்து, அவன் பொறுப்பு ஒரு வரிகூட இல்லைன்னா, துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சு வந்துருங்க.

கடைசியா ஒரு வரி பாருங்க. "வளர்க்க முடியலைன்னா தெருவுல விடாதே, வேற ஆளுக்கும் தள்ளாதே, என்கிட்டயே கொண்டாந்து விடு"ன்னு இருக்கும். வித்த சரக்கைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு எந்த யாவாரி எழுதிக் கொடுப்பான்? அப்படி எழுதுறவன்தான் நாயி வளர்க்கிறவன், மத்தவன் நாயி விக்கிறவன்.

நாளைக்கே போங்க. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க, முழுசாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. கேள்வியே கேக்காமக் குட்டியைத் தூக்கிக் கொடுக்கிறவன் வாசல்ல மட்டும் நிக்காதீக.