அளவுநாடாச் சித்தப்பா

சிங்கப்பூரின் பூன் லேயில் மூன்று தலைமுறை ஒரே வீவக அடுக்குமாடி வீட்டில் நெருக்கியடித்து வாழும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் ஒரு சித்தப்பா உண்டு. பெண் பார்க்க அவரைக் கூப்பிட மறந்தாலும் மறப்பார்கள், ஃபிரிட்ஜ் பார்க்கக் கூப்பிட மறக்க மாட்டார்கள். மறந்தாலும் வந்துவிடுவார். சட்டைப்பையில் அளவுநாடா இருக்கும். கையில் முஸ்தபா கடைப் பை, பைக்குள் அண்ணியின் மாவுப் பாத்திர மூடி.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஜூரோங் பாயிண்ட் இருக்கிறது. அங்கே பார்த்ததும் வாங்கினால் அவர் என்ன சித்தப்பா? தேக்காவுக்குக் கறி வாங்கப் போகிற ஞாயிற்றுக்கிழமை முஸ்தபாவில் ஒரு பார்வை. அதுவும் போதாமல் பச்சை ரயிலில் தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, தெம்பனிஸ் கடைகள் வரை குடும்பத்தையே ஓட்டிக்கொண்டு போவார்.

கடைக்குள் நுழைந்தால் விலைச்சீட்டின் பக்கமே திரும்ப மாட்டார். கதவைத் திறந்து மூடுவார், கதவோரத்து ரப்பரை விரலால் தடவுவார், முட்டி போட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்ப்பார். விற்பனைக்காரப் பையன் ஓடி வந்து, "அங்கிள், ஐந்நூற்றைம்பது லிட்டர், பெரிய குடும்பத்துக்கு ரொம்ப நல்லது" என்பான்.

"லிட்டர் கணக்கு தண்ணிக்குத்தான் தம்பி. நாங்க பாத்திரம்ல வைக்கிறோம்?" என்று பையிலிருந்து மூடியை எடுப்பார்.

இந்த இடத்தில் நான் சித்தப்பா கட்சி. பக்கத்துக்கொரு கதவாக அலமாரிபோல் நிற்கும் ஃபிரிட்ஜ் முக்கால்வாசி கடைகளில் முன்வரிசையில் மினுக்கும். வெளியே தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம். உள்ளேயோ நடுவில் ஒரு சுவர். அதனால் இரண்டு பக்கமும் ஒடுங்கிக் கிடக்கும். பத்துப் பேர் வீட்டு மாவுப் பாத்திரத்தின் மூடியை அதற்குள் நேராக வைக்க முடியாது, சாய்த்துத்தான் செருக வேண்டும். மாவை யாராவது சாய்த்து வைப்பார்களா? அந்தச் சோதனையில் எத்தனையோ ஆயிரம் வெள்ளி ஃபிரிட்ஜுகள் தோற்றுப்போயிருக்கின்றன.

டிக் விஷயத்திலும் அவரை ஏமாற்ற முடியாது. சிங்கப்பூரில் 2008லிருந்து ஃபிரிட்ஜில் மின்சிக்கன முத்திரை ஒட்டியே விற்க வேண்டும். வீட்டில் எல்லாரும் அதிலுள்ள டிக்கை எண்ணுவார்கள். சித்தப்பா அதை விட்டுவிட்டு, வருடத்துக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணைத் தேடுவார். கொள்ளளவையும் சேர்த்துப் பார்த்துத்தான் டிக் போடுகிறார்கள். ஆகவே டிக் அதிகம் வாங்கிய பெரிய பெட்டி, டிக் குறைந்த சின்னப் பெட்டியைவிடக் கூடுதல் மின்சாரம் குடிக்கலாம். இதை அவர் விளக்கும்போது பையன் அடுத்த வாடிக்கையாளரைத் தேடித் திரும்பிப் பார்ப்பான்.

ஆனால் முடிவு சித்தப்பா கையில் இல்லை. அதுவரை மசாஜ் நாற்காலியில் இலவசமாக உட்கார்ந்திருந்த பாட்டி அங்கிருந்தே கேட்பார்: "ஏன்டா, இவங்க கறி வாடை என் தயிருக்கு வருமா?"

இது சாதாரணக் கேள்வி இல்லை. வெள்ளிக்கிழமை, கிருத்திகை, புரட்டாசி முழுக்க என்று வருடத்தில் பாதி நாள் பாட்டி சைவம். மீதிப் பேர் பூன் லே சந்தை மீனையும் தேக்கா ஆட்டுக்கறியையும் உறைபெட்டியில் அடைப்பவர்கள். குளிரூட்டும் சுருள், அதாவது காயில், ஒன்றே ஒன்று உள்ள ஃபிரிட்ஜில் குளிர் உறைபெட்டியில்தான் பிறக்கிறது. விசிறி அதைத் தள்ளிக் கீழ்த்தட்டுகளுக்கு அனுப்புகிறது. கருவாடு இருந்த காற்றுதான் தயிருக்கும் வருகிறது. இரண்டு காயில் வைத்த ஃபிரிட்ஜில் மேலுக்கும் கீழுக்கும் காற்று கலப்பதில்லை. ஐஸ்கட்டியில் பூண்டு நாற்றம் வராமல் தடுக்கும் இந்த ஏற்பாடு, பாட்டியின் புரட்டாசியைக் காப்பாற்றுகிறது.

"ரெண்டு காயில்மா. உங்களுக்குத் தனிக் காத்து" என்பார் சித்தப்பா. பாட்டி எழுந்து வருவார். அன்றைக்குத்தான் வியாபாரம் முடியும். அப்புறம் பேரம். "போலே குராங்?" என்று மலாயில் தொடங்கி, வீவக வீடுகளுக்கு 2024ல் அரசாங்கம் கொடுத்த 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டை மிச்சம் வைத்திருப்பதைக் கடைசியில்தான் வெளியே விடுவார்.

சாமான் வந்து இறங்கும் நாளில் மின்தூக்கி, தாழ்வாரத் திருப்பம், இரும்புக் கேட் எதிலும் இடிக்காது. எல்லாம் முன்பே அளந்தாயிற்று. சுவரோரமாக வைத்தால் கதவு முழுக்கத் திறக்காமல் காய்கறி இழுப்பறை மாட்டிக்கொள்ளும் என்று ஒரு சாண் இடம்கூட விட்டிருப்பார். சிக்கல் பழைய ஃபிரிட்ஜில் வரும். புதிதைக் கொண்டுவந்து இறக்கும்போது பழையதைக் கடைக்காரர் இலவசமாக எடுத்துப் போக வேண்டும் என்பது 2021 ஜூலையிலிருந்து சட்டம். இலவசம் என்றால் சித்தப்பாவால் விட முடியாது. ஓடுகிற கம்ப்ரஸரையும் விட முடியாது. இரண்டு சிக்கனமும் ஒரே மனிதருக்குள் மோதும்போது கூலியாட்கள் தாழ்வாரத்தில் நின்று கடிகாரம் பார்ப்பார்கள்.

"தீபாவளி வரைக்கும் இருக்கட்டும். பலகாரம், கறி எல்லாம் எங்க வைப்பீங்க?" என்பார் கடைசியில்.

"மின்சாரம், சித்தப்பா?" என்பாள் அண்ணன் மகள். "வருஷத்துக்கு எத்தனை யூனிட்?"

காதில் விழாது. அவர் ஏற்கெனவே ஸ்டோர் ரூம் வாசலில் அளவுநாடாவை நீட்டியிருப்பார். இரண்டு சென்டிமீட்டர் இடிக்கும்.

"கதவைக் கழட்டிடலாம்" என்பார். ஸ்குரூ டிரைவர் எந்தப் பையிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.