தலைக்கு ஒரு கிளிக்

ஆரிப்ஜான் முகாம், குவைத்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

துப்பாக்கி கொடுத்துவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். கொடுத்தது கிளிக்கர். கட்டைவிரலால் அமுக்கினால் எண் ஒன்று கூடும், அவ்வளவுதான். அமெரிக்கப் பட்டாளத்தின் சாப்பாட்டுக்கூட வாசலில் நின்று, உள்ளே போகிற தலைகளை எண்ணுவது என் உத்தியோகம். டாங்கி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். இங்கே படம் எடுக்கக் கூடாது. எடுக்கலாம் என்றாலும் என் பக்கத்தில் இருப்பது கை கழுவும் தொட்டிதான்.

1990-இல் ஈராக்கிலிருந்து சதாம் படை வந்ததும், இங்கே பஹாஹீலில் இருந்த உங்கள் கடையை அப்படியே போட்டுவிட்டு, அம்மான் வரை போய் ஏர் இந்தியா பிடித்து ஊர் வந்தீர்களே, அப்போது இந்த இடம் வெறும் மணல். அந்தப் படையை விரட்ட வந்த அமெரிக்கர்கள் அப்புறம் முழுசாகக் கிளம்பவே இல்லை. அவர்களுக்குச் சோறு போட, துணி வெளுக்க, கக்கூஸ் கழுவ நம்மவர்கள், நேபாளிகள், பிலிப்பினோக்கள்.

நாங்கள் தங்கியிருக்கும் மங்காப்பிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறோம். கேட்டில் எல்லோரும் இறங்க வேண்டும். வண்டிக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பார்ப்பார்கள், நாய் மோந்து பார்க்கும். வெடிமருந்து வாசனை வந்தால் அது குரைக்காது, பேசாமல் உட்கார்ந்துவிடும், அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். போன மாதம் என் அறைக்காரர் ஒருவரின் டிபன் டப்பா எதிரே போய் உட்கார்ந்துவிட்டது. உள்ளே நெத்திலிக் கருவாடு. டப்பா தனியே மணலில், நாங்கள் தூரத்தில், நடுவில் துப்பாக்கிக்காரர்கள். ராமநாதபுரத்துக் கருவாட்டுக்கு இத்தனை மரியாதை எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை. அவர் இப்போது தயிர்சாதம்தான் கொண்டுவருகிறார்.

நமக்கு வாட்ச்மேன் முதல் தாசில்தார் வரை எல்லோரும் சார். இங்கே சார்ஜென்டை சார் என்றால் முறைக்கிறார். "நான் ஆபீசர் இல்லை, உழைத்துச் சாப்பிடுகிறவன்" என்கிறார். அதனால் முகத்தைப் பார்க்காமல் மார்பில் ஒட்டியிருக்கும் பட்டையைப் பார்த்துத்தான் வாயைத் திறக்கிறேன். கிளிக்கருக்கு அந்தக் கவலை இல்லை. ஜெனரலும் ஒன்று, நேற்றுச் சேர்ந்த பையனும் ஒன்று.

வெயிலுக்குக் கொடி ஏற்றுகிறார்கள், சித்தப்பா. பச்சை, மஞ்சள், சிவப்பு. கறுப்பு ஏறினால் கடும் பயிற்சியெல்லாம் நிறுத்தம். அடுக்களையில் பாத்திரம் தேய்க்கிற இடத்துக்கு இன்னும் யாரும் கொடி கண்டுபிடிக்கவில்லை.

நவம்பர் நாலாவது வியாழன் அவர்களுக்குப் பெரிய பண்டிகை. அன்று வான்கோழி. பெரிய அதிகாரிகளே கையுறை மாட்டிக்கொண்டு சிப்பாய்களுக்குப் பரிமாற வேண்டும் என்பது வழக்கம். பரிமாறுகிற எங்கள் ஆட்கள் கைகட்டி நின்றார்கள். ஒரு கர்னல் மசித்த உருளைக்கிழங்கை அள்ளி அள்ளி வைத்தார். கடைசி வரிசைக்குக் காணாதே என்று பதறிப்போன மலையாளி சேட்டன் பின்னாலிருந்து, "ஒரு கரண்டி! ஒரே கரண்டி!" என்று அதட்டினார். கர்னல் விறைத்து நின்று "எஸ் சார்" என்றார். சேட்டன் அன்றிலிருந்து எங்களிடம் சரியாகப் பேசுவதில்லை.

பணம் வங்கியில் போட்டிருக்கிறேன். சித்தியிடம் எலுமிச்சை ஊறுகாய் மட்டும் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கருவாடு வேண்டவே வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்